ரிப்ளெக்ஷன் என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

சைவசித்தாந்த நூல்களை ஆங்கிலத்திற் பெயர்க்கப் புகுவார், கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்னும் நான்கனுள் இரண்டாவதாகிய சிந்தித்தலுக்கு ‘ரிப்ளெக்ஷன்’ என்னும் சொல்லைப் பெய்துவைத்தல் பலகாலும் காணப்படுவது. அச்சொல்லே கண்ணாடியிலும் நீரிலும் தோன்றும் எதிருருவினையும் ஆங்கிலத்தில் உணர்த்தும். ஒரு சொல் இவ்விரு பொருளும் படக்கண்ட சிலர், சிந்தித்தலாவது கண்ணாடியில் உருவம் வந்து வீழ்தல்போல மனத்தின்கண் பொருள்கள் வந்து நிழலிடுதலே யென்பது மேனாட்டார் கொள்கை யென்றும், அதுபற்றியே அச்சொல் கண்ணாடியினின்று மனத்திற்கு ஏறிற்றென்றும் கருதுவர். அவ்வளவில் அமையாது, சிந்தனை நிழலாயின் சிந்திப்பானும் நிழலே யாதல் வேண்டுமென மேற்செல்லுதற்கும் அது வழியாகும். உயிரைப் பிரமத்தின் பிரதிபிம்பமெனக் கொள்ளும் ஏகான்மவாதிகளுள் ஒரு சாரார்க்கு இஃது எளிதிற் கிடைத்த துணையாகத் தோன்றும். ஒரு சொல்லின் பிறப்பை அறியாமையால் ஒரு கொள்கையே பிறழ உணரப்படுமாயின், அச்சொல் எங்குப் பிறந்து எவ்வழி வந்ததென்பதனை ஆராய்தல் வீண்முயற்சியாகாது.

இச்சொல் ஆங்கிலத்திற் பிறந்ததன்று. இலத்தீன் மொழியில் ‘ரெ’ என்னும் முன்னொட்டு, மீள, பின்னோக்கி என்னும் பொருளது. ‘பிளெக்தெரெ’ என்பது வளைத்தல் என்னும் பொருளதாகிய வினை. இவ்விரண்டும் கூடி ‘ரெபிளெக்தெரெ’ என நின்று, பின்னோக்கி வளைத்தல், மீளத் திருப்புதல் என்னும் பொருளைத் தந்தன. ஒளியாதல், நிழலாதல், கண்ணாடியாதல் இவ்விரு பகுதியுள் ஒன்றினும் இல்லை என்பது முதற்கண் கருதத்தக்கது.

‘பிளெக்தெரெ’ என்னும் இவ்வினையினின்று கிளைத்த சொற்கள் ஆங்கிலத்திற் பல. வளையத்தக்கதனை ‘பிளெக்சிபிள்’ என்பர். முழந்தாளை மடக்கி வணங்குதலை ‘ஜெனுபிளெக்ஷன்’ என்பர். ‘ஜெனு’ என்பது இலத்தீனில் முழந்தாள். நெறியினின்று விலகி வளைதல் ‘டிபிளெக்ஷன்’ எனப்படும். எழுத்தின்மேல் வளைத்திடும் ஒலிக்குறி ‘சர்க்கம்பிளெக்ஸ்’ எனப்படும். பெயரும் வினையும் வேற்றுமையும் காலமும் இடமும் காட்டுதற்பொருட்டு ஈறு திரிந்து வருதலை அவர்கள் இலக்கணநூலார் ‘இன்பிளெக்ஷன்’ என வழங்குவர். நம்மனோர் திரிபு என்பதனை அவர் வளைவு என்றார், அத்துணையே வேறுபாடு.

எழுத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். இச்சொல்லை முன்னையோர் ‘எக்ஸ்’ என்னும் எழுத்திட்டே பெரும்பாலும் எழுதினர். பின்னையோர் ‘சி’, ‘டி’ என்னும் ஈரெழுத்திட்டு எழுதுகின்றனர். நியூட்டன் 1704-ஆம் ஆண்டு ஒளியைப்பற்றி வெளியிட்ட நூலின் முகப்பிலேயே ‘எக்ஸ்’ இட்ட வடிவம் காணப்படுகின்றது. இவற்றுள் பழையதே இலத்தீனுக்கு அணியது. கேள் என்னும் பகுதி கேட்டான் எனவும், நில் என்பது நின்றான் எனவும் ஈறு திரிந்து நிற்றல்போல, ‘பிளெக்தெரெ’ என்பதும் இறந்தகால எச்சத்தில் ‘பிளெக்சுஸ்’ எனத் திரியும். அத்திரிபினின்றே ‘ரெபிளெக்சியோ’ என்னும் பெயர் தோன்றிற்று. பிரஞ்சு மொழியார் இன்றும் அவ்வாறே எழுதுவர். ஆங்கிலத்தார் தம் வினைச்சொல்லாகிய ‘ரிப்ளெக்ட்’ என்பதனை நோக்கிப் பெயரையும் அதனோடு ஒப்ப மாற்றிக்கொண்டனர். எழுத்து மாறியதாற் பொருள் மாறியதன்று.

இனி, பழைய இலத்தீனில் இவ்வினை எவ்வாறு வழங்கிற்றெனின், அதற்கு வர்ஜில் என்னும் பெரும்புலவர் இயற்றிய ஈனெயிட் என்னும் காப்பியமே சான்றாம். இப்புலவர் கி.மு. 19-ஆம் ஆண்டில் உயிர்நீத்தவர். அக்காப்பியத்தின் எட்டாம் பகுதியில் தெய்வத்தச்சன் ஈனியாசுக்கு இயற்றியளித்த கேடயத்தின்மீது, உரோமை நகரின் முதல்வராகிய இரட்டைக் குழவிகளுக்குப் பாலூட்டும் பெண் ஓநாய் பொறிக்கப்பட்டிருந்ததாகப் புலவர் கூறுவர். குழவிகள் மடியிற் பால்பருகி விளையாடுகின்றன. ஓநாயோ தன் கழுத்தைப் பின்னே வளைத்து அவற்றை மாறிமாறி நாவால் நக்குகின்றது. அக்கழுத்து வளைவினைக் குறிக்கப் புலவர் இட்ட சொல் இவ்வினையின் எச்சமே. இதனினும் உடம்பளவில் நிற்கும் பொருள் வேறில்லை.

அக்காப்பியத்தின் இரண்டாம் பகுதியிலோ அதே வினை மனத்தின்மேற் செல்கின்றது. திராய் நகரம் தீப்பற்றி எரிகின்றது. ஈனியாஸ் முதிய தந்தையைத் தோளிற் சுமந்து, சிறு மகனைக் கையிற் பற்றி இரவில் ஓடுகின்றான். மனைவி கிரியூசா பின்னே தொடர்கின்றாள். வழியில் அவள் தவறிவிடுகின்றாள். நகர்ப்புறத்தே சீரஸ் என்னும் தெய்வத்தின் பழங்கோயிலை அடைந்து எல்லாரையும் ஒருங்கு கூட்டியபோதுதான் அவளைக் காணாமை புலனாகின்றது. அதுகாறும் தான் திரும்பிப் பார்க்கவுமில்லை, தன் மனத்தை அவள்பால் மீள வளைக்கவுமில்லை என்று பின்னர் அவன் வருந்திக் கூறுகின்றான். கண்ணைத் திருப்புதற்கு ஒரு வினையும் மனத்தைத் திருப்புதற்கு ‘ரெபிளெக்தெரெ’ என்னும் வினையுமாக அருகருகே நிற்கின்றன. கண்ணாடியின் தொடர்பு ஆங்கு யாதுமில்லை. எரியும் ஊரினின்று ஓடும் ஒருவன், முன்னோக்கிச் செல்லும் நினைவை நிறுத்திப் பின்னிருப்பவள்பால் திருப்பாமற் போயினான் என்பதே பொருள். ஆகவே மனத்தின்மேல் இச்சொல் சென்றது ஆங்கிலர் காலத்ததன்று. ஆங்கிலம் என ஒரு மொழி தோன்றுமுன்னரே, ஓநாயின் கழுத்தும் ஈனியாசின் மனமும் ஒரே வினையால் வளைந்தன.

அற்றேல் ஒளியின்மேல் இச்சொல் எவ்வாறு சென்றதெனின், அது வேறொரு கிளை. ஒளி ஒரு பொருளிற்பட்டு மீளுதலைக் கிரேக்கர் ‘அனாக்லாசிஸ்’ என்றனர். திரும்ப ஒடிதல் என்பது அதன் சொற்பொருள். அரிஸ்டாட்டில் வானவில்லின் தோற்றத்தை விளக்குமிடத்து இச்சொல்லை ஆளுகின்றார். அலெக்சாந்திரியா நகரத்து ஹீரோ என்பார், ஒளி கண்ணாடியிற் பட்டு மீளும் வழி ஏனை வழிகள் எல்லாவற்றினும் குறுகியதாம் என்று கணக்கியலாற் காட்டினார். ஒளி எந்தக் கோணத்திற் படுமோ அதற்குச் சமமான கோணத்திலேயே மீளும் என்னும் விதி அவர்கட்குத் தெரிந்ததே.

இக்கலையைப் பெருக வளர்த்தவர் அரபுமொழி அறிஞராகிய இப்னு அல்ஹைதம். ஏறத்தாழ கி.பி. 965-இல் பசரா நகரிற் பிறந்து, எகிப்து நாட்டுக் கெய்ரோவில் ஏறத்தாழ 1040-இல் மறைந்தவர். அவர் இயற்றிய ஒளிநூல் ஏழு பகுதிகளையுடையது. அவற்றுள் நான்கு, ஐந்து, ஆறாம் பகுதிகள் ஒளி மீளுதலையும், தட்டையாயும் குவிந்தும் குழிந்தும் உள்ள கண்ணாடிகளில் உருவம் தோன்றுமாற்றையும் விரித்துரைக்கும். அவர் வழங்கிய அரபுச்சொல் ‘இன்இகாஸ்’ என்பது. அதற்கும் தலைமாறித் திரும்புதல் என்பதே பொருள். அந்நூலை இலத்தீனிற் பெயர்த்தவர்கள் அச்சொல்லுக்கு நேராக ‘ரெபிளெக்சியோ’ என்பதனை ஆண்டனர். அப்பெயர்ப்பு 1572-ஆம் ஆண்டு பாசல் நகரில் அச்சேறிற்று. போலந்து நாட்டு விட்டெலோ என்பார் 13-ஆம் நூற்றாண்டில் அதனைத் தழுவி எழுதிய நூலும் அதனோடு சேர்த்துப் பதிப்பிக்கப்பட்டது. ஒளி பிறழ்ந்து செல்லுதலைக் குறிக்க ‘உடைத்தல்’ என்னும் வினையடியாக ‘ரிப்ராக்ஷன்’ என்னும் பிறிதொரு சொல் நிலைபெற்றது. வளைந்து மீள்வது ஒன்று, உடைந்து செல்வது ஒன்று எனப் பிரித்துக்கொண்டனர் போலும். நோக்கின், ஒளியைப்பற்றிப் பேசுமிடத்தும் இச்சொல் ஒளியின் செலவினையே குறித்தது. கண்ணாடியிற் காணும் உருவத்தினை அன்று. உருவத்தைக் குறித்தது பின்னர். வினையின் பெயர் அவ்வினையால் விளைந்த பொருளுக்கு ஆகுபெயராய் நின்றது. பொரியலும் வறுவலும் தொழிற்பெயராயிருந்தும் உண்கலத்தில் இடும் பொருளைக் குறித்தல் போல்வது இது.

ஆங்கில நூல்களில் இச்சொல் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரஞ்சின் வழியாக வந்து புகுந்தது. சாசர் என்னும் புலவர் தம் கான்றர்பரிக் கதைகளுள் முற்றுப்பெறாத ஒன்றில் இதனை ஆள்கின்றார். தார்த்தாரிய அரசன் பிறந்தநாள் விழாவில் தூதன் ஒருவன் நான்கு வியத்தகு பொருள்களைக் கையுறையாகக் கொணர்கின்றான்; அவற்றுள் ஒன்று வரவிருக்கும் கேட்டினையும் நட்பார் பகைவாரையும் காட்டும் கண்ணாடி. அதனைக் கண்ட மக்கள் தமக்குள் பலபடப் பேசுகின்றனர். இது மந்திரமன்று, கோணங்களின் அமைப்பாலும் ஒளி மீளும் நுட்பத்தாலும் இயல்பாகவே நிகழ்வதென ஒருவன் கூற, அல்ஹைதம், விட்டெலோ, அரிஸ்டாட்டில் என்னும் மூவர் பெயரையும் எடுத்துப் பேசுகின்றனர். பசரா நகரத்து அறிஞர் பெயர் ஆங்கிலக் கதையொன்றிற் பொதுமக்கள் வாயில் வைத்து உரைக்கப்படுதல் வியப்புக்குரியது. கல்வி கடல்கடந்து செல்லும் வழி இவ்வாறு எதிர்பாராத இடங்களிற் புலப்படும்.

இவ்வாறு ஒளிநூலார் இச்சொல்லைக் கோணங்களோடு பிணைத்துக்கொண்டிருந்த காலத்தே, சமயநூலார் இதனைப் பிறிதொரு நெறியில் நுண்ணிதாக ஆண்டனர். அதன் வேர் கிரேக்க நாட்டுப் புரோகுலஸ் என்பாரிடத்து உள்ளது. அவர் 412 முதல் 485 வரை வாழ்ந்தவர். தன்னைத் தானே நோக்கித் திரும்பவல்ல பொருள் எதுவோ அஃது உடம்புடையதாதல் இயலாது என்பது அவர் நிறுவிய துணிபுகளுள் ஒன்று. அதற்கு அவர் கூறிய ஏது வருமாறு. உடம்புடைப் பொருள் பகுதிபகுதியாகப் பிரிந்து கிடப்பது. அதன் ஒரு பகுதி மற்றொரு பகுதியைச் சென்று பொருந்தலாமன்றி, முழுவதும் முழுவதனோடு பொருந்துதல் கூடாது. ஓராடையை மடிப்பின் ஒரு பாதி மறுபாதியின்மேற் படியும். ஆடை முழுவதும் ஆடை முழுவதன்மேற் படிதல் யாண்டுமில்லை. அறிவோ தன்னையே முழுவதும் அறியத் திரும்புகின்றது. ஆதலின் அஃது உடம்பன்று.

இந்நூல் 1268-ஆம் ஆண்டு இலத்தீனிற் பெயர்க்கப்பட்டது. அதற்கு முன்னரே இதன் சாரம் அரபுமொழி வாயிலாக மற்றொரு சிறுநூலாய் மேனாட்டில் உலவிற்று. கத்தோலிக்க சமயத்துப் பேராசிரியராகிய தாமஸ் அக்வைனாஸ் இவற்றை நன்கு கற்றவர். அவர் உண்மையைப்பற்றி எழுதிய வினாவிடை நூலில், அறிவு தன்மேல் மீள வளைதலால் தன் செயலையும், அச்செயல் பொருளோடு ஒத்திருத்தலையும் அறிகின்றது எனக் கூறி, அம்மீட்சிக்கு இவ்வினையையே ஆண்டார். புலனுணர்வும் தான் உணர்கின்றேனென ஒருவாறு உணரத் தொடங்குமெனினும், உடம்பின் கருவி இடைநிற்றலால் அதன் மீட்சி முற்றுப்பெறாது என்பது அவர் கருத்து. கண் காண்கின்றது, காண்டலின் இயல்பினைக் கண் காணாது. ஈண்டும் கண்ணாடிக்கு இடமில்லை. கண்ணாடி ஒளியைத் தன்னினின்று புறத்தே அனுப்புகின்றது. தன்னைத்தான் அறியத் திரும்புவதில்லை. அவர் கொண்ட பொருளிற் கண்ணாடியினும் இம்மீட்சிக்கு மாறானது வேறில்லை.

இனி, இவ்விரு கிளைகளும் ஆங்கிலத்தில் ஒன்றோடொன்று தழுவி நின்ற இடமும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. ஷேக்ஸ்பியர் 1599-இல் இயற்றிய ஜூலியஸ் சீசர் நாடகத்தின் தொடக்கத்தில், நீ உன் முகத்தை நீயே காணவல்லையோ என்று காசியஸ் புரூட்டசை வினவுகின்றான். கண் தன்னைத்தான் காணாது, பிறிதொன்றிற் பட்டு மீளும் தோற்றத்தாலன்றி என்று புரூட்டஸ் விடைகூறுகின்றான். அங்ஙனமாயின் நானே உனக்குக் கண்ணாடியாவேன், நீ அறியாத உன் பெருமையை உனக்குக் காட்டுவேன் என்கின்றான் காசியஸ். பிளேட்டோவின் பெயரால் வழங்கும் ஓர் உரையாடலிலும் இக்கருத்துண்டு. கண் தன்னைக் காண விரும்பின் மற்றொருவர் கண்ணின் மணியை நோக்குக, உயிர் தன்னைக் காண விரும்பின் மற்றோர் உயிரின் அறிவுடைப் பகுதியை நோக்குக என்று சாக்ரடீஸ் ஆங்குக் கூறுவர். கண்ணின் மணியில் நோக்குவான் உருவம் சிறு பாவைபோலத் தோன்றுதலின், கிரேக்கர் அதனைச் சிறுமி எனவும், இலத்தீனர் பாவை எனவும் பெயரிட்டனர். தமிழரும் கண்ணிற் பாவை என்றே கூறுவர். மூன்று மொழியினரும் ஒன்று கண்டு ஒன்று கூறினர்.

ஆயின் நாடகத்தில் அக்கண்ணாடி செய்ததென்னை? காசியஸ் காட்டிய உருவம் புரூட்டசின் உண்மையுருவம் அன்று. சீசரைக் கொல்லுதற்கு அவனைத் துணைகூட்டிக் கொள்ளும்பொருட்டுப் புனைந்து காட்டிய உருவம். அதனைத் தன்னுருவெனக் கொண்டமையால் புரூட்டஸ் நண்பனைக் குத்தினான். ஈற்றில் தானும் வாளில் வீழ்ந்து மாய்ந்தான். தன்னறிவைப் பிறன் கண்ணாடியிற் தேடுவானுக்கு வரும் கேட்டினைக் காட்ட இதனினும் வேறு கதை வேண்டா. மனம் தன்னை நோக்கி வளையும் சிந்தனையும், பிறன் வாய்மொழியில் தன் முகம் காணுதலும் வேறென்பதனைப் புலவர் உணர்ந்தே இவ்வாறு அமைத்தனர் என்று கொள்ளுதல் பொருந்தும்.

17-ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்தில் மனச்செயலுக்கு உரியதாய் நன்கு வேரூன்றிற்று. தத்துவ நூலின்கண் அதற்கு அரியணை அளித்தவர் ஜான் லாக் (1632–1704). மருத்துவம் பயின்றவர், மனித அறிவைப்பற்றி ஏறத்தாழ இருபதாண்டு எண்ணி எழுதிய பெருநூலை 1689-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்டார், முகப்பில் 1690 என்றே அச்சிடப்பட்டது. பிறக்கும்போதே மனத்திற் பொறிக்கப்பட்ட கருத்தென யாதுமில்லை, எல்லாக் கருத்தும் அனுபவத்தினின்றே வருவன என்பது அவர் கோட்பாடு. அனுபவத்திற்கு அவர் கூறிய ஊற்றுக்கண் இரண்டு. ஐம்பொறி வாயிலாகப் புறப்பொருளை உணர்தல் ஒன்று. காணல், எண்ணல், ஐயுறல், நம்புதல், ஆராய்தல், அறிதல், விழைதல் என்னும் தன் செயல்களை மனம் தானே கண்டறிதல் மற்றொன்று. இவ்விரண்டாவதற்கே ‘ரிப்ளெக்ஷன்’ எனப் பெயரிட்டார். இதனை உட்பொறி எனினும் இழுக்காது என்றும் அவர் கூறியுள்ளார். குழந்தைகளின் கருத்து புறப்பொருள்களிலேயே ஈடுபட்டுக் கிடத்தலின், தம் மனச்செயல்களைப்பற்றிய தெளிவு அவர்கட்குக் காலந்தாழ்ந்தே வருகின்றதெனவும் காட்டுவர். கண்ணாடியிலோ உருவம் தாழ்த்து வருவதில்லை, முன்னின்றவுடன் தோன்றும்.

அவர் நூலில் கண்ணாடி உவமை இல்லையோ வெனின், உண்டு. ஆனால் அது வந்த இடம் நோக்கத்தக்கது. புறத்தே சூழ்ந்த பொருள்கள் மனத்திற் பதிக்கும் எளிய கருத்துகளை மனம் மறுக்கவும் மாற்றவும் மாட்டாமை கூறுமிடத்தில், தன்முன் நின்ற பொருளின் உருவைக் கண்ணாடி மறுக்கமாட்டாமைபோல என்று உவமித்தார். வாளா ஏற்றுக்கொள்ளும் நிலைக்கே அவ்வுவமை. மனம் தன்னைத்தான் நோக்குமிடத்திலோ அவர் எடுத்தது கண்ணின் உவமை. நூலின் முன்னுரையிலேயே, கண் எல்லாவற்றையும் காட்டித் தன்னைக் காணாதிருத்தல்போல அறிவும் தன்னைக் கருதாதிருக்கின்றது, அதனைத் தூரத்தே நிறுத்தித் தனக்கே பொருளாக்கிக் காணுதற்குத் திறமும் உழைப்பும் வேண்டும் என்று கூறினார். உழைப்பு வேண்டுமெனப்பட்டது யாதோ அது நிழல் வீழ்தலாகாது.

லாக்கின் கொள்கையை மறுத்து எழுதிய ஜெர்மானிய அறிஞராகிய லைப்நிட்ஸ் இவ்வேறுபாட்டை இன்னும் தெற்றெனக் காட்டினார். அவர் 1714-இல் எழுதிய சிறுநூலில், உலகத்துள்ள எல்லா உயிரணுப்பொருள்களும் பேரண்டத்தைத் தம்முட் காட்டும் உயிருள்ள கண்ணாடிகளே என்றார். அவ்வாறு கூறியவரே, தன்னைநோக்கித் திரும்பும் செயலை அவை எல்லாவற்றிற்கும் அளித்தாரல்லர். பகுத்தறிவுடைய உயிர்கள் மட்டுமே அச்செயலால் ‘நான்’ என்பதனை நினைக்கின்றன என வரையறுத்தார். கண்ணாடியாதல் எல்லாவற்றிற்கும் பொது. மீள நோக்குதல் சிலவற்றிற்கே உரியது. இதனினும் வெளிப்படையான சான்று இவ்வாராய்ச்சிக்கு வேண்டுவதில்லை.

பிற்கால வழக்குகளை விரிக்கவேண்டா. ஒருவன் தீச்செயல் அவன் குலத்தின்மேற் பழியாய் மீளுமென்னும் பொருளிலும், ஒருவரைக் குறைகூறுதல் என்னும் பொருளிலும் 17-ஆம் நூற்றாண்டு முதல் இச்சொல் வழங்கிவருகின்றது. ஒரு பொருளை மீளமீள எண்ணியதன் பயனாகப் பிறந்த கருத்துரையும் இப்பெயர் பெறும். எட்மண்ட் பர்க் 1790-இல் பிரஞ்சுப் புரட்சியைப்பற்றி எழுதிய நூலின் பெயரில் இச்சொல் பன்மையில் நிற்பது அப்பொருளிலேயே. அவர், 1785-இல் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப்பற்றி ஆங்கிலப் பாராளுமன்றத்திற் பேசிக் கர்நாடகத்தின் அழிவை எடுத்துரைத்தவருமாவர். கோல்ரிட்ஜ் என்னும் புலவர் 1825-இல் வெளியிட்ட சமயநூலொன்று தன் பெயரிலேயே சிந்தனைக்குத் துணைபுரிவதெனக் கூறிக்கொள்ளும். சொற்களின் பிறப்பையும் வரலாற்றையும் ஆராய்தல் சிந்தனைக்கு முதற்படி என்று அதில் அவர் வற்புறுத்தினார். 1833-இல் மார்ஷல் ஹால் என்னும் மருத்துவர், நரம்பின் வழியே முதுகுத்தண்டினை அடைந்த தூண்டல் மனத்தின் ஏவலின்றியே அசைவாய் மீளுதலுக்கு ‘ரிப்ளெக்ஸ்’ என்னும் உடன்பிறந்த சொல்லை ஆண்டார். தன்னறிவின் உச்சியைக் குறித்த சொல்லின் தம்பி, அறிவு சிறிதும் கலவாத உடற்செயலைக் குறிக்கலாயிற்று. சொற்களின் ஊழ்வினை இவ்வாறு.

ஏனைய ஐரோப்பிய மொழிகளை நோக்கினும், எதிருருவும் சிந்தனையும் ஒன்றெனும் மயக்கம் நில்லாது. பிரஞ்சில் எதிருருவிற்கு ‘ரெப்ளே’ எனத் தனிச்சொல் உண்டு. சிந்தனையை அச்சொல்லாற் கூறார். ஜெர்மானியர் கண்ணாடித் தோற்றத்தைக் கண்ணாடி என்னும் பெயரடியாகவே கூறுவர். சிந்தித்தலை ‘நாக்தெங்கன்’, பின்னர் எண்ணுதல், என்பர். ஆங்கிலத்தில் இரண்டற்கும் ஒரு சொல்லே அமைந்தது வரலாற்றின் விளைவேயன்றிக் கொள்கையின் விளைவன்று.

இனி, சித்தாந்தத்தோடு இதனை ஒட்டி நோக்கும்வழி கண்ணின் உவமையே முன்வந்து நிற்கும். மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து ஐந்தாஞ் சூத்திரத்தில், ஐம்பொறிகள் உயிரால் விடயங்களை அறிந்தும் தம்மையும் தம்மைச் செலுத்தும் உயிரையும் அறியாமைபோல, உயிர்களும் முதல்வனருளால் உணர்ந்தும் அதனை அறியாவென உணர்த்தினார். பதினொன்றாஞ் சூத்திரத்தில், காணும் கண்ணுக்கு உயிர் உடனின்று காட்டிக் காணுதல்போல, உயிருக்கு முதல்வன் உடனின்று காட்டிக் காண்பனென்றார். கண் தன்னைக் காணாதென்ற அளவில் அக்வைனாசும் லாக்கும் மெய்கண்டாரும் ஒருவாறு ஒத்துநிற்பர். அதன்மேல் வழி பிரிகின்றது. அவ்விருவரும் கண்ணுக்கு இயலாதது அறிவுக்குத் தன்னளவிலேயே இயலும் என்றனர். மெய்கண்டார் கண்ணின் நிலையே உயிரின் நிலையும் என்று கண்டு, காட்டுவானை நோக்கினார். படிகத்தையும் கண்ணையும் உவமையாகக் கொண்ட சித்தாந்தம், உயிர் சார்ந்ததன் வண்ணமாதலைக் காட்டிற்றேயன்றி, உயிரே ஒரு தோற்றநிழலென யாண்டும் கூறிற்றிலது.

சிந்தித்தலுக்கு இவ்வாங்கிலச் சொல் பொருந்துமோ வெனின், எப்பொருளிலென்று வரையறுத்தே விடைகூறல் வேண்டும். லாக் கொண்ட பொருளில் அது பொருந்தாது. அவர் கூறியது மனம் தன் செயல்களை நோக்குதல்; சித்தாந்தம் கூறும் சிந்தித்தலோ குருவினிடத்துக் கேட்ட பொருளை ஏதுவும் எடுத்துக்காட்டும் கொண்டு ஐயமறும்வரை மீளமீள ஆராய்தல். நோக்கப்படும் பொருளே இரண்டிடத்தும் வேறு. அதற்கு அணித்தாக நிற்பது வர்ஜிலின் பழைய பொருளே: முன்னோக்கி ஓடும் மனத்தை நிறுத்தி, பின்னே விடப்பட்டதன்பால் வளைத்தல். கேட்டவளவில் எழுந்துபோகும் மாணாக்கன் திராய் நகரினின்று ஓடிய ஈனியாசை ஒப்பான். கோயில்வாயிலை அடைந்த பின்னரே, உடன்வந்தது உடனில்லை என்பதனை அவன் காண்கின்றான். காப்பியத்தில் அவன் திரும்பி ஓடி, எரியும் தெருக்களில் அவள் பெயரைக் கூவித் தேடியபோது, எதிர்ப்பட்டது கிரியூசாவின் நிழலுருவம். மும்முறை தழுவ முயன்றும் அது கைக்கு அகப்படவில்லை.